அக்காவை எங்க வைக்கிறது?

நான் மண்ணூர்பேட்டைக்காரன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டினவர். எங்க அக்காவுக்கு இப்ப 47 வயசு. 22 வயசுல மனச்சிதைவு நோய்னு டாக்டர் சொன்னார். அப்புறம் சர்க்கரையும் சேர்ந்துக்கிச்சு.

அம்மா இருந்தவரைக்கும் எல்லாத்தையும் அம்மாவே பார்த்துக்கிட்டாங்க. மாத்திரையை எண்ணிக் கொடுக்கறது, ராத்திரி அக்கா தூங்காம நடந்தா கூடவே நடக்கறது. கடைசியா ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப என்கிட்ட கேட்டாங்க: "எனக்கப்புறம் அவளை எங்கடா வைப்பே?"

எங்களை மாதிரி குடும்பங்கள்ல எல்லாருமே இந்த 'வைக்கிறது'ங்கிற வார்த்தையைத்தான் சொல்றோம். பாத்திரத்தைப் பரண்ல வைக்கிற மாதிரி. அக்கா எங்க இருக்க ஆசைப்படறான்னு அம்மாவும் கேக்கல, நானும் கேக்கல.

ஒரு தனியார் காப்பகத்துல 'வெச்சேன்'. பேர் வேண்டாம். அடிக்கல, பட்டினி போடல, மாத்திரை நேரத்துக்குக் கொடுத்தாங்க. ஆனா முதல் மாசமே பேன் வருதுன்னு முடியை ஒட்ட வெட்டிட்டாங்க. யாரும் அவகிட்ட கேக்கல. டீ நாலு மணிக்குத்தான்; மூணு மணிக்கு வேணும்னா கிடையாது. மூணு வருஷம் ஞாயித்துக்கிழமை தவறாம போனேன். போகப் போக அக்கா பேசறது குறைஞ்சுது. நோய் முத்துதுன்னு நினைச்சேன். டாக்டர் வேற மாதிரி சொன்னார்: "பேசறதுக்கு அங்க என்ன இருக்கு?"

இதுக்கெல்லாம் ஒரு பழைய கதை இருக்கு. நம்ம ஊர்ல 'கீழ்ப்பாக்கம்'னாலே கிண்டல். ஆனா 1794-ல தொடங்கின அந்த மருத்துவமனை இல்லேன்னா எத்தனையோ பேர் தெருவுலதான். நோய் உச்சத்துல இருக்கும்போது ஆஸ்பத்திரி வேணும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நோய் தணிஞ்ச பிறகு திரும்பிப் போக வீடு இல்லாதவங்க என்ன செய்வாங்க? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததாலதான் ஏர்வாடி மாதிரி இடங்கள்ல கொண்டுபோய் விட்டோம். 2001 ஆகஸ்ட் 6-ல தீப்பிடிச்சப்ப, சங்கிலியில கட்டியிருந்த 28 பேர் செத்துப்போனாங்க.

எங்க வீட்டுக்குக் கிட்டத்துலயே, முகப்பேர்ல, 'தி பேனியன்' நடத்துற 'அடைக்கலம்' இருக்கு. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993-ல, தெருவுல திரிஞ்ச மனநோயுள்ள பெண்களுக்காகத் தொடங்கின அமைப்பு. குணமாகியும் போக இடமில்லாம வருஷக்கணக்கா தங்கிப்போனவங்களுக்காக அவங்க 2015 வாக்குல 'ஹோம் அகெய்ன்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. சாதாரணத் தெருவுல ஒரு வாடகை வீடு, நாலஞ்சு பேர் சேர்ந்து குடும்பமா இருப்பாங்க, உதவிக்குப் பயிற்சி பெற்ற பெண்கள். சமையல், கடைக்குப் போறது, பக்கத்து வீட்டோட சண்டை எல்லாம் உண்டு. 2021-ல உலக சுகாதார அமைப்பு தன்னோட வழிகாட்டுதல்ல இதை நல்ல உதாரணமாக் காட்டியிருக்கு. நம்ம 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 19-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்லுது: குடும்பம் இல்ல, வீடு இல்லங்கிற ஒரே காரணத்துக்காக யாரையும் காப்பகத்துலயே வெச்சிருக்கக் கூடாது.

இதைப் படிச்சுட்டு, அதே காப்பகத்துல இருக்கற இன்னும் மூணு பெண்களோட குடும்பங்ககிட்ட பேசினேன். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு வீடு, கூட தங்க ஒரு அம்மா, மாசம் ஒருமுறை டாக்டர். செலவைக் கூட்டிப் பார்த்தா, இப்ப காப்பகத்துக்குக் கட்டறதைவிடக் கொஞ்சம்தான் கூட. டாக்டரும் சரின்னுட்டார்.

வீடுதான் கிடைக்கல. "ஃபேமிலியா, பேச்சிலரா?"ன்னு கேக்கறாங்க. நாங்க ரெண்டுலயும் வரல. முதல் ரெண்டு ஓனர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. மூணாவது இடத்துல சொல்லாம விட்டுடலாமான்னு யோசிச்சேன், வெட்கமா இருக்கு. சொல்லாம குடிவெச்சா, ஒருநாள் ராத்திரி அக்கா சத்தம் போட்டா அந்த நாலு பேரும்தானே தெருவுக்கு வரணும்? சொல்லிட்டேன். "யோசிச்சு சொல்றேன் தம்பி"ன்னார் அந்தப் பெரியவர்.

போன வாரம்தான் முதல்முறையா அக்காகிட்டயே கேட்டேன், எப்படி வீடு வேணும்னு. ரொம்ப நேரம் பேசல. கிளம்பும்போது சட்டையைப் பிடிச்சு இழுத்து சொன்னா: "மாடி வேணாம்டா, முட்டி வலிக்கும். பீரோ வேணும். சாவி என்கிட்ட இருக்கணும்."

பெரியவர் ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கார். கீழ்வீடுதான். அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.