நாயின் உரோமமும் நாம் இடும் சோறும்



வீட்டு நாயின் உரோமம் மங்கித் தோலிலிருந்து பொடுகு உதிரத் தொடங்கியதும் நம்மிற் பலர் முதலில் நாடுவது கடையையே. மினுமினுக்கும் உரோமமுடைய நாயின் படம் ஒட்டிய போத்தல்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் மீனெண்ணெய் உண்டென்றும், மற்றொன்றிற் பயோட்டின் என்னும் உயிர்ச்சத்து உண்டென்றும், வேறொன்றில் துத்தநாகம் உண்டென்றும் எழுதியிருக்கிறார்கள். இவை யாவும் பொய்ச்சரக்கு என்று கூற நான் வரவில்லை. ஆயினும், ஊட்டச்சத்து என்பது குறைந்திருப்பதை நிரப்புமேயன்றிக் குறைவில்லாத இடத்தில் எதனையும் புதிதாய் உண்டாக்காது. ஆகவே, போத்தலை வாங்குமுன் நாயின் சோற்றுச் சட்டியையும், பின்னர் அதன் தோலையும் நன்றாகப் பார்த்தல் வேண்டும்.

உரோமத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேற்பட்டது புரதம். நாய் உண்ணும் புரதத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தோலையும் உரோமத்தையும் பேணுவதிலேயே செலவாகிறது. உணவில் முட்டு நேரும்போது உடல் இருதயத்தையும் ஈரலையும் முதலிற் காப்பாற்றிக்கொள்ளும்; தோலின் முறை கடைசியில்தான் வரும். வீட்டிற் பணம் குறைந்தால் முதலிற் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதை நிறுத்துகிறோம் அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

இந்த உண்மையை அறிஞர்கள் எலிகளிடமிருந்து கற்றார்கள். 1927ஆம் ஆண்டில், இலண்டனில் உள்ள லிஸ்டர் ஆய்வு நிலையத்தில் மார்கரெட் போவாஸ் என்னும் அம்மையார், வேகாத முட்டை வெள்ளைக்கருவை உலர்த்தி எலிகளுக்குப் புரத உணவாகக் கொடுத்து வந்தார். எலிகளின் தோல் புண்ணாகி உரோமம் உதிர்ந்தது. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்னும் பொருள் பயோட்டினைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாமற் செய்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. முட்டையை அவித்தால் அவிடின் தன் வலிமையை இழந்துவிடும். 1929இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர் கொழுப்பு அறவே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்தனர். அவற்றின் வாலிலும் பாதத்திலும் தோல் செதில் செதிலாகக் கிளம்பிற்று. கொழுப்பு என்பது உடலுக்கு வெறும் விறகு என்று அதுவரை பலர் எண்ணியிருந்தார்கள். லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் இல்லையேல் தோல் தோலாக இராது என்பதை இந்த ஆராய்ச்சியே காட்டிற்று. எலியைப் போலவே நாயும் இவ்வமிலத்தைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள இயலாது.

உரோமம் மினுங்கப் பச்சை முட்டை கொடுக்கவேண்டும் என்று கூறுவோர் நம்மூரில் உளர். மஞ்சட்கருவிற் பயோட்டின் நிறைய இருப்பதால், இடையிடையே ஒரு முழுப் பச்சை முட்டை தின்ற நாய்க்கு உரோமம் கொட்டிவிடாது. எனினும் அவித்த முட்டையே சாலச் சிறந்தது. முட்டையால் உரோமம் மினுங்குவது மெய்தான். அதற்குக் காரணம் அதில் உள்ள புரதமும் கொழுப்புமே. அவை அவித்தாலும் அப்படியே இருக்கும்.

இனி நம் வீட்டு நாயின் சட்டிக்கு வருவோம். மத்தியானச் சோறு, மிஞ்சிய சொதி, சில மீன் முட்கள்: பெரும்பாலான வீடுகளில் நாயின் உணவு இவ்வளவே. பத்துக் கிலோ நிறையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 18 கிராம் நல்ல புரதமும் 2 கிராம் லினோலெயிக் அமிலமும் வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2006இல் வகுத்தது. ஒரு கோப்பைச் சோற்றில் உள்ள புரதம் 4 கிராம் அளவே. சொதியிற் கொழுப்பு உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் அது தேங்காய்க் கொழுப்பு. தேங்காயெண்ணெயில் லினோலெயிக் அமிலம் நூற்றுக்கு இரண்டு பங்களவே இருக்கிறது. நல்லெண்ணெயிலோ நாற்பது பங்குக்கு மேல் உண்டு. பத்துக் கிலோ நாயின் சோற்றில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயைக் கலந்தால் அதன் நாளாந்தத் தேவை ஏறக்குறைய நிறைவேறிவிடும். அதே கரண்டியாற் தேங்காயெண்ணெய் விட்டால் அத்தேவையில் இருபதில் ஒரு பங்குகூடக் கிட்டாது. எண்ணெயை அரைக் கரண்டியிற் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுக. திடீரென மிகுதியாகக் கொடுத்தால் வயிற்றோட்டம் உண்டாகும். கறியில் உள்ள வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கணங்களை அழிக்க வல்லவையாதலால், குழம்பை நாயின் சோற்றில் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுதல் நன்று.

மீனெண்ணெயைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். நம் மொழியில் இரு வேறு பொருள்களை மீனெண்ணெய் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். சாளை, சூடை முதலிய மீன்களின் உடற்கொழுப்பிலிருந்து எடுப்பது ஒன்று. கொட் என்னும் மீனின் ஈரலிலிருந்து எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்தோமே, அது மற்றொன்று. முன்னதில் ஒமேகா 3 கொழுப்பமிலங்கள் மிகுதி. ஒவ்வாமையால் அரிப்பெடுக்கும் நாய்கள் சிலவற்றில் அது அரிப்பை ஓரளவு தணிக்கிறது. ஈரலெண்ணெயில் அவற்றோடு விற்றமின் ஏயும் டீயும் செறிந்திருக்கின்றன. இவ்விரண்டும் உடலிலே தேங்கும் இயல்பின. விற்றமின் டீ அளவுக்கு மீறினால் இரத்தத்திற் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். உரோமம் மினுங்கட்டும் என்று ஈரலெண்ணெயைக் கரண்டி கரண்டியாக ஊற்றுவோர் இதனை மறத்தலாகாது. நான்கு சூடை மீன்களை உப்பின்றி அவித்து, முள் நீக்கிச் சோற்றிற் பிசைந்து கொடுத்தால், புரதமும் ஒமேகா 3உம் ஒருங்கே கிடைத்துவிடும். கருவாடும் ரின் மீனும் உப்பு மிக்கவை, அவை வேண்டா.

துத்தநாகத்தின் கதை சற்று வேறு. கண்ணையும் வாயையும் சுற்றித் தோல் தடித்துப் பொருக்குக் கட்டுமாயின் இதன் குறைவை ஐயுறலாம். சைபீரிய ஹஸ்கி போன்ற குளிர்நாட்டு நாய்களுட் சிலவற்றின் குடல் பிறவியிலேயே துத்தநாகத்தைச் சரிவர உறிஞ்சாது. விரைந்து வளரும் பெருஞ்சாதிக் குட்டிகளுக்கு எலும்பு வலுக்கட்டும் என்று கல்சிய மாத்திரைகளை வாரி வழங்கினாலும் இந்நிலை நேரும். கல்சியம் துத்தநாகத்தின் வழியை மறித்துவிடும். ஒரு போத்தலாற் பிறந்த நோய்க்கு மறு போத்தலைத் தேடும் நிலை இது. நிறையுணவு என்று பெயர் பெற்ற தரமான பொதியுணவை உண்ணும் நாய்க்கோ, இவை யாவும் அதிலேயே அடங்கியிருப்பதால், வேறொன்றும் சேர்க்கவேண்டியதில்லை.

சட்டியைப் பார்த்தாயிற்று, தோலைப் பார்ப்போம். சென்ற ஆண்டு உறவினரான ஒரு மாமி, தம் நாயின் வாலடியில் உரோமம் போய்விட்டதென்று இரண்டு போத்தல்களைக் கொண்டுவந்து காட்டினார். "தம்பி, இரண்டும் முடிந்துவிட்டன, நாய் அப்படியேதான் இருக்கிறது. இனி எதை வாங்குவது?" என்று கேட்டார். "மாமி, ஒரு பேன்சீப்பும் ஈரமான வெள்ளைக் காகிதமும் தாருங்கள்" என்றேன். வாலடியைச் சீவி, உதிர்ந்த கரும்பொடியைக் காகிதத்தில் இட்டதும் அது செங்கபிலமாகக் கரைந்தது. அந்தப் பொடி மண் அன்று. இரத்தம் குடித்த தெள்ளுகளின் எச்சம். தெள்ளின் உமிழ்நீருக்கு ஒவ்வாமை கொண்ட நாய்க்குச் சில கடிகளே போதும், முதுகின் பின்பாதி முழுவதையும் கடித்துக் குதறிக்கொள்ளும். தெள்ளுக்கு மருந்திட்டு, நாய் படுக்கும் சாக்கையும் கொதிநீரில் அவித்த பின்னரே அந்நாய்க்கு உரோமம் முளைத்தது.

அரிப்பே இன்றி உடலின் இருபுறமும் ஒத்தாற்போல் உரோமம் குறைந்து, நாயும் பருத்துச் சோம்பியிருக்குமாயின், தைரொயிட் சுரப்பி தளர்ந்திருக்கலாம். அதனை இரத்தப் பரிசோதனையால் அறிய இயலும். எந்த எண்ணெயும் அதனைத் தீர்க்காது. அடிக்கடி உடுப்புச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினாலும் தோலின் இயற்கை எண்ணெய் அகன்று பொடுகு உதிரும்.

எல்லாவற்றிலும் கொடியது சொறி. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் தோலைத் துளைத்து வாழ்வதால் காதோரமும் முழங்கையும் முதலில் வெளிறி, பின்னர் உடல் முழுவதும் தடித்துப்போகும். மனிதருக்கும் சிலநாள் அரிப்பு உண்டாக்கக் கூடியதென்ற அச்சத்தால், நேற்றுவரை வாசலைக் காத்த நாயைச் சந்தியிற் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் வாகனக் கழிவெண்ணெயையோ மண்ணெண்ணெயையோ பூசுகிறார்கள். நாய் அதை நக்கும். தோல் வெந்து, ஈரலும் சிறுநீரகமும் பழுதாகும். இத்தனைக்கும் இன்று சொறி எளிதில் தீரும் நோய்களுள் ஒன்று. 2013, 2014ஆம் ஆண்டுகளில் தெள்ளுக்கும் உண்ணிக்குமாக வெளிவந்த ஐசொக்சசோலின் வகை மாத்திரைகள் சொறிச் சிற்றுண்ணிகளையும் அழிக்கின்றன. வலிப்பு உடைய நாய்களுக்கு அவை ஆகாதிருக்கலாம் என்பதால், மிருக வைத்தியர் நாயை நிறுத்துப் பார்த்து அளவு சொல்லவேண்டும்.

சிற்றுண்ணி அழிந்த மறுநாளே உரோமம் வந்துவிடாது. நாயின் மேற்றோல் முற்றாகப் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ மூன்று வாரம் செல்லும். உரோமம் நிறைய மேலும் சில வாரங்கள் வேண்டும். மெலிந்துபோன அந்த நாய்க்கு அக்காலத்தில் அவித்த முட்டையும் மீனும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் உண்மையாகவே பயன்படும். வைத்தியர் மீனெண்ணெய்க் குளிசை எழுதித் தந்தால், தொடங்கிய தேதியை நாட்காட்டியிற் குறித்து, எட்டு முதற் பன்னிரண்டு வாரம்வரை கொடுத்துப் பாருங்கள். மனிதருக்கான இனிப்புக் குளிசைகளை மட்டும் கொடுக்கவேண்டாம். அவற்றுட் சிலவற்றிற் சேர்க்கப்படும் சைலிற்றோல் என்னும் இனிப்பு நாயின் உயிருக்கே உலை வைக்கும். பன்னிரண்டாம் வாரத்திலும் மாற்றம் காணாவிட்டால், குளிசைப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு நாயை மீண்டும் அதே வைத்தியரிடம் காட்டுங்கள்.