உங்கள் பிள்ளையின் கட்டுரை என்ன சொல்கிறது?

(கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரை)





நம் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறோம். கையெழுத்து அழகாக இருக்கிறது. முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை எல்லாம் முறையாக உள்ளன. ஆனால் "இந்தப் பிள்ளை என்னதான் சொல்ல வருகிறது?" என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. "பெண் கல்வி குறித்து இக்கட்டுரையில் காண்போம்" என்று தொடங்கி, "எனவே பெண் கல்வி அவசியம்" என்று முடிகிறது. இதை மறுப்பவர் யார்? யாரும் மறுக்காத ஒன்றை நிறுவ நான்கு பக்கம் எதற்கு?

பள்ளித் தேர்வில் இது ஒருவாறு ஒப்பேறிவிடும். மேலே போகப் போக ஒப்பேறாது. மத்திய அரசின் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு மட்டும் 250 மதிப்பெண். 3 மணி நேரத்தில் 2 கட்டுரைகள். தமிழிலேயே எழுதலாம். நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் இந்த வாசலில் வெறும் தகவல் குவியலோடு போய் நிற்கக் கூடாது.

எனவே எழுதத் தொடங்குமுன், கட்டுரை முழுவதையும் தாங்கும் ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக: "எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுவதற்கு, கல்லூரிக் கட்டணத்தைவிடப் பேருந்து வசதிக் குறைவே பெரிய காரணம்."

உடனே ஒருவர், "2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லையே?" என்று கேட்பார். கேட்கட்டும். "கட்டணம் இல்லைதான், ஆனால் கல்லூரி நேரத்துக்கு எங்கள் ஊருக்குப் பேருந்து வருகிறதா?" என்பது அந்த மாணவியின் பதில். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளையாக இருந்தால், பேருந்து வரும் நேரங்களைக் குறித்துக்கொள்ளலாம். படிப்பை நிறுத்திய தோழியரிடம் காரணம் கேட்கலாம். விசாரித்ததில் காரணம் வேறு என்று தெரிந்தால், வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டும். உண்மையை மாற்றக் கூடாது.

நமக்கு அருகிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அகழாய்வு நூலின் பெயர், 'கீழடி: வைகை நதிக்கரையில் சங்ககால நகர நாகரிகம்'. அந்தத் தலைப்பே ஒரு நிலைப்பாடு. 'நகரம்' என்று சொன்னதால் செங்கல் கட்டுமானங்களைக் காட்ட வேண்டியிருந்தது. காலத்தைச் சொன்னதால் கரிமப் பகுப்பாய்வு தேவைப்பட்டது, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580 என்று கணிக்கப்பட்டது. மக்கள் எழுத்தறிவு பெற்றிருந்தனர் என்பதற்குத் தமிழி எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகள் முன்வைக்கப்பட்டன. கீழடியின் காலம் பற்றிய விவாதம் அதன்பின்னும் தொடர்கிறது. தெளிவாகச் சொன்னதால்தான் விவாதிக்க முடிகிறது.

மாணவச் செல்வங்களே, எழுதிய வாக்கியத்தை மூன்று கேள்விகளால் சோதியுங்கள். இதை மறுத்துப் பேச ஒருவருக்கு இடம் உண்டா? என்னிடம் சான்று உண்டா? கட்டுரையின் ஒவ்வொரு பத்தியும் இதற்குத் துணை நிற்கிறதா? துணை நிற்காத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

பெற்றோர்களே, இதில் உங்கள் பங்கு பெரிது. வீட்டில் பிள்ளை ஒரு கருத்தைச் சொன்னதும், "வாயாடாதே, உனக்கென்ன தெரியும்?" என்று அடக்கிவிடுகிறோம். பெண்பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம் அடக்குகிறோம். வீட்டில் வாய் திறக்காத பிள்ளை தேர்வுத் தாளில் மட்டும் எப்படித் துணிந்து எழுதும்? இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, "நீ என்ன நினைக்கிறாய்? ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். மரியாதையோடு மறுத்துப் பேசவும் அங்கேயே பழகட்டும். அதற்கு டியூஷன் கட்டணம் எதுவும் இல்லை.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் தெளிவான சொல்லையும் அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.