சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் பிள்ளை

(ஆதரவாளர் குடும்பக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த உரை)



ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறோம். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். ஊரும் பேரும் வேண்டாம்.

மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரிலிருந்து மதுரை வரை எந்த நிலையத்தில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவான். கேட்காவிட்டாலும் சொல்லுவான். தாத்தா மரித்த வீட்டில், "தூங்குகிற மாதிரியே இருக்கிறாரே" என்று அழுத அத்தையிடம், "தூங்கவில்லை அத்தை, மூச்சு இல்லை" என்றான். கூடியிருந்தவர்கள் முன்பாகத் தகப்பனார் அவனை அறைந்தார். "இனி என் முகத்தில் முழிக்காதே" என்றார்.

பிள்ளை அப்படியே செய்தான். நான்கு நாள்! தகப்பனார் வீட்டில் இருந்த நேரமெல்லாம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவர் வெளியே போன பிறகே இறங்கி வந்து சாப்பிட்டான். வீம்பு என்று எல்லாரும் நினைத்தார்கள். நாங்களும்தான். ஆலோசனை கேட்டு வந்த பெற்றோருக்குப் பிரம்பைப் பற்றிய நீதிமொழியை நினைவூட்டி, கண்டிப்புப் போதாது என்று சொல்லி அனுப்பினோம். இறையியல் கல்லூரியில் ஆலோசனை ஊழியம் படித்துத் தேறியவர்கள் சொன்ன புத்தி அது. பிற்பாடு அந்தப் பிள்ளையிடமே மன்னிப்புக் கேட்டோம். "எந்தத் தேதியில் சொன்னதற்கு, ஐயா?" என்று கேட்டான்.

மறு ஆண்டு ஒரு மனநல மருத்துவர் பிள்ளையோடு நெடுநேரம் பேசி, சிறு வயதிலிருந்து நடந்தவற்றைத் தாயாரிடம் விசாரித்து, இது ஆட்டிசம் வகையைச் சேர்ந்தது, முன்பு அஸ்பெர்கர் என்று சொல்லுவார்கள் என்றார். இதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. வியன்னாவைச் சேர்ந்த ஹான்ஸ் அஸ்பெர்கர் என்ற குழந்தை மருத்துவர் 1944இல் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர் பெயரை இதற்கு வைத்து 1981இல் எழுதியவர் இங்கிலாந்தின் லோர்னா விங் அம்மையார். அவரே ஆட்டிசம் உள்ள மகளைப் பெற்ற தாய். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் தனிப் பெயரை நீக்கி, எல்லாவற்றையும் ஆட்டிசம் என்ற ஒரே தலைப்பில் சேர்த்தது. நாஜிகள் ஆண்ட காலத்தில் அஸ்பெர்கர் ஊனமுற்ற பிள்ளைகளைக் கொலைக்களத்திற்கு அனுப்பத் துணைபோனார் என்ற ஆராய்ச்சி 2018இல் வெளிவந்தது. ஆகவே அந்தப் பெயரே வேண்டாம் என்பவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும், வீட்டில் இருப்பது அதே பிள்ளைதான்.

தாய் வளர்த்த விதத்தால் வந்ததல்ல இது. ஒரு காலத்தில் மருத்துவர்களே தாய்மார்மேல் அந்தப் பழியைப் போட்டார்கள். அது தவறென்று தெளிவாகிவிட்டது. தடுப்பூசியாலும் வரவில்லை. பெரும்பாலும் பிறவியிலேயே மூளை அமைந்த விதம். மாற்றிவிட மருந்து இல்லை. கூடவே வரும் பதற்றத்திற்கும் தூக்கமின்மைக்கும் மருத்துவர் மருந்து தரலாம்.

நாம் பேசுவதை யோசித்துப் பாருங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்கிறோம். முடியாது என்று அர்த்தம். "போய்விட்டு வருகிறேன்" என்று விடைபெறுகிறோம், திரும்பி வருவதில்லை. மற்றப் பிள்ளைகள் முகத்தையும் குரலையும் பார்த்து அர்த்தத்தைப் பிடித்துக்கொள்ளுகிறார்கள். இந்தப் பிள்ளைக்கு வார்த்தை மட்டுமே கைக்கு வருகிறது. நாம் வருவோம் என்று வாசலில் ஒரு மணி நேரம் நின்ற பிள்ளை அவன். பாசம் இல்லாத பிள்ளையா அப்படி நிற்பான்?

தகப்பனார்தான் முதலில் மாறினார். சமையலறைச் சுவரில் ஒரு சிலேட்டை மாட்டி, நாளைய காரியங்களை நேரத்தோடு எழுதினார். விருந்தாளி வருவதானால் யார், எத்தனை மணிக்கு, எப்போது போவார் என்பதும் அதில் வரும். "அறையைச் சுத்தமாக வை" என்பதை விட்டு, "புத்தகங்களை அலமாரியில் வை" என்று சொல்லப் பழகினார். கண்ணைப் பார்த்துப் பேசும்படி வற்புறுத்துவதை நிறுத்தினார். சட்டைக் கழுத்தில் உறுத்தும் துணிச்சீட்டைத் தாயார் வெட்டி எடுத்தார். இரைச்சல் தாங்காமல் அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தும்போது கேள்வி கேட்பதில்லை, பிடித்து இழுப்பதில்லை. விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்தில் சும்மா இருக்கிறார்கள். அரை மணியில் அடங்கிவிடுகிறது. எங்கள் ஆலோசனைகள் எல்லாவற்றையும் விட அந்தச் சிலேட்டு அதிகம் செய்தது.

அக்காளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அவனைப் புரிந்துகொள் என்று எல்லாரும் சொல்லுகிறீர்கள். என்னை யார் கேட்டீர்கள்?" என்று ஒருநாள் எங்களிடம் அழுதாள். தம்பியைப் பற்றி மறைக்காமல் சொன்னதால் ஒரு வரன் நின்றுபோயிருந்தது. எங்களிடம் பதில் இல்லை. சபையில் இரண்டு தாய்மார் சனிக்கிழமை மத்தியானங்களில் அந்த வீட்டில் வந்து இருக்க ஆரம்பித்தார்கள். அந்த நேரம் அவளுடையது. அவள் தூங்கினாள், சினேகிதியைப் பார்க்கப் போனாள். அவ்வளவுதான், ஆனால் அதற்கே அவளுக்கு நான்கு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது பையன் வாலிபன். "கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்" என்று உறவினர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதிருங்கள். அவன் விரும்பி, பெண்ணும் எல்லாம் அறிந்து சம்மதித்தால் அது வேறு. மறைத்துக் கட்டிவைத்தால் இரண்டு பிள்ளைகள் துன்பப்படுவார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

போன மாதம் பாட்டியம்மாளை எங்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டோம். "எத்தனை நிமிஷம், ஐயா?" என்றான். நான்கு என்றோம். முடித்துக் கண்ணைத் திறந்தபோது அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் முப்பது விநாடி இருக்கிறது" என்றான். தகப்பனார் சிரித்துவிட்டார். நாங்கள் எல்லாரும் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டோம்.