நடிகையர் திலகம் சாவித்திரி

புத்தளம் மாவட்டத்துக் கடலோரத்திலே, கரைவலைத் தொழில் செய்யும் மக்கள் வாழும் உடப்பில், பாரதக் கதை ஏட்டோடு நின்றுவிடுவதன்று. ஆடி மாதத் திரௌபதையம்மன் விழாவிலே அது விரதமாகவும் தீமிதிப்பாகவும் உயிர்பெறுகின்றது. பாரத மாந்தரை உறவினர் போல் அறிந்த இத்தகைய மக்கள் முன்னே அக்கதையை நடித்துக் காட்டுவது எளிதன்று. அவ்வருஞ்செயலை ஆற்றியவர்களுள் ஒருவர் நடிகை சாவித்திரி.

1957ஆம் ஆண்டில் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தில் அவர் அபிமன்யுவின் காதலியாகத் தோன்றினார். வியாச பாரதத்தில் இல்லாத, மக்கள் வழக்கில் வளர்ந்த கதை அது. கௌரவர் வீட்டுத் திருமணத்தைக் குலைக்கக் கடோற்கசன் மணப்பெண்ணின் வடிவு கொள்கின்றான். அசல் கடோற்கசன் ரங்காராவ். பெண்ணுருவில் வந்த கடோற்கசனோ சாவித்திரி! மேனி மெல்லியலாளுடையது, நடையும் பார்வையும் அரக்கனுடையவை. அடுத்த கணம் யாரேனும் வந்துவிட்டால், மணமகளின் நாணம் முகத்தில் படரும். ஓர் உடலில் இரண்டு உயிர்களைக் காட்டிய அந்நடிப்பே அவருடைய கலைக்குத் தக்க சான்று.

குண்டூர் மாவட்டத்துச் சிற்றூரான சிர்ராவூரில் பிறந்த சாவித்திரி, குழந்தைப் பருவத்திலே தந்தையை இழந்து, பெரியப்பாவின் ஆதரவில் விஜயவாடாவில் வளர்ந்தார். நடனமும் நாடகமும் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றன. 1951இல் 'பாதாள பைரவி'யில் ஒரு நடனம். 1953இல் 'தேவதாஸ்' படத்தில் பார்வதி. 1955இல் 'மிஸ்ஸியம்மா'வின் தெலுங்குப் படத்திலிருந்து பானுமதி விலகவே, இரண்டாம் வேடத்திற்கு வந்தவர் நாயகியானார். 1961இல் 'பாசமலர்' அவரைத் தமிழர் இல்லந்தோறும் தங்கையாக்கியது.

1968இல் 'சின்னாரி பாப்பலு' என்னும் தெலுங்குப் படத்தை அவரே இயக்கினார். பெண்ணொருத்தி இயக்குநராவது அரிதாயிருந்த காலம் அது. 1971இல் 'பிராப்தம்' படத்தை எடுத்துப் பெரும்பொருள் இழந்தார். 1965ஆம் ஆண்டுப் போரின்போது பாதுகாப்பு நிதிக்குத் தம் நகைகளை ஈந்த கைகள், பிற்காலத்தில் வறுமையைக் கண்டன. மதுப்பழக்கமும் உடலை வாட்டியது. பத்தொன்பது திங்கள் நினைவிழந்து கிடந்து, 1981 டிசம்பர் 26ஆம் நாள் அவர் மறைந்தார்.

இவ்வீழ்ச்சியை மட்டும் எடுத்துரைத்து, பெண்களுக்கு ஓர் எச்சரிக்கைக் கதையாக அவரை ஆக்குவோர் உளர். அது நீதியாகாது. படமெடுத்துப் பொருளிழந்த ஆடவர் பலர். அவர்களுடைய கலையை எவரும் அந்த இழப்பைக் கொண்டு அளப்பதில்லை. 2011இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தலை வெளியிட்டது. 2018இல் வெளிவந்த 'நடிகையர் திலகம்' புதிய தலைமுறைக்கு அவரை அறிமுகம் செய்தது. ஆயினும் சாவித்திரியை அறிய விரும்புவோர் அவருடைய துயரக் கதையோடு நின்றுவிடலாகாது. அவர் நடித்த படங்களையே காணவேண்டும். அங்கே அவர் இரங்கத்தக்கவர் அல்லர், வியக்கத்தக்கவர்.