கத்தி தீட்டும் பக்குவம்

பேளுக்குறிச்சிச் சந்தைக்கு வரும் கொல்லிமலை மிளகுக்கு, நிழல் மரக் கிளை கழிக்கவும் கொடி நறுக்கவும் கத்திதான் துணை. மொண்ணைக் கத்தி கொடியை நசுக்கும். நசுங்கின இடம் அழுகும். அழுத்தி வெட்டினா வழுக்கிக் கையிலும் படும்.

அவசரத்துக்கு மின்சாரச் சாணையில் பிடிச்சா வாய் சூடேறி நீலம் பாயும். அந்த இடத்தில் இரும்பின் பதம் போச்சு, கூர் நிக்காது. வீட்டுக்கு ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசாக உள்ள கார்போரண்டம் கல் போதுமுங்க.

கல்லை நனைச்சு, ஈரத்துணி மேல் வையுங்க. கத்தியின் அகலத்தில் கால் பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கி, அதே சாய்மானத்தில் சொரசொரப்பில் தீட்டுங்க. மறுபக்கத்தை முதுகிலிருந்து வாய்ப்பக்கமா விரலால் வழிச்சுப் பாருங்க. நுனி முதல் அடிவரை பிசிறு தட்டுப்பட்டதும் திருப்பித் தீட்டுங்க. பிறகு நைஸ் பக்கத்தில் லேசாத் தேய்ச்சுப் பிசிறை எடுங்க.

கிளை வெட்டும் கொடுவாளுக்கு மூன்றில் ஒரு பங்கு தூக்கணும். இல்லேன்னா வாய் பெயரும். வளைந்த அரிவாளைக் கெட்டியாப் பிடிச்சு, கல்லை அதன் மேல் ஓட்டுங்க. கருக்கரிவாளைக் கல்லில் தேய்க்காதீங்க, பல் போயிடும்; கொல்லரிடம் பல் வெட்டி வாங்குங்க.

தீட்டினதும் துடைச்சு எண்ணெய் தடவுங்க. மரம் ஏறுமுன் கூர் பாருங்க.