முலாம் ஏன் உரியுது?

திருநெல்வேலி–சங்கரன்கோவில் ரோட்டுல இருக்கிற பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். வீட்டு மாடியில் பழைய பைக் ஒண்ணை ரீஸ்டோர் பண்றார். உரக்கடையில் மயில்துத்தம் வாங்கிக் கரைச்சு, போல்ட்டுக்குச் செம்பு ஏத்தியிருக்கார். அஞ்சு நிமிஷத்துல நல்ல சிவப்பு. துணியால துடைச்சா அப்படியே உரிஞ்சு வருது. "பவர் சப்ளையை மாத்தணுமாண்ணே?"ன்னு கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. ஒயரே இல்லாம ஒரு இரும்பு ஆணியை அந்தக் கரைசல்ல போட்டுப் பாருங்க, அதுவும் சிவக்கும். பள்ளிக்கூடத்துல படிச்ச இடப்பெயர்ச்சி வினைதான். இரும்பு கரையுது, அந்த இடத்துல செம்பு படியுது. அடியில இரும்பே அரிச்சுப் போறதால பிடிமானம் இல்லை. அதுக்கு மேல எவ்வளவு ஏத்தினாலும் பாசி பிடிச்ச சுவத்துல பெயின்ட் அடிச்ச கதைதான்.

பட்டறைகள்ல இதுக்குச் சயனைடு கரைசல்ல முதல் கோட் கொடுக்கிறது உண்டு. வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். அதுல ஆசிட் பட்டா ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும், ஆளையே கொல்லும். வீட்டுக்கு ஒத்துவர்றது நிக்கல். வினிகர்ல ஒரு சிட்டிகை உப்பு, ரெண்டு நிக்கல் தகடு. கரண்ட் விட்டுக் கரைசல் இளம்பச்சையானதும், எதிர்முனைத் தகட்டை எடுத்துட்டு அங்க போல்ட்டை மாட்டுங்க. மெல்லிசா நிக்கல் ஏறினதும் கழுவி, காயவிடாம செம்புக் கரைசலுக்கு மாத்துங்க. நிக்கல் தோலுக்கு ஆகாது, கையுறை கட்டாயம்.

அதுக்கும் முன்னாடி ஒரு சோதனை. தேய்ச்சுக் கழுவின போல்ட் மேல தண்ணி ஊத்துங்க. படலமா பரவினா சரி. தாமரை இலையில மாதிரி முத்து முத்தா உருண்டா, எண்ணெய் இன்னும் இருக்கு. என் கணக்குல முக்கால்வாசிப் புகார் இங்கேயே தீர்ந்துடும்.

ஓரமெல்லாம் கறுத்து, பொடியா உதிர்ந்தா கரண்ட் அதிகம். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. பரப்புக்கு 1 ஆம்பியர்ல ஆரம்பிங்க. ஒரு மணி நேரத்துல சுமார் 13 மைக்ரான் செம்பு ஏறும். பைக் பேட்டரியை நேரா மாட்டினா கருகத்தான் செய்யும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நிக்கல் கிடைக்கலைன்னு எவர்சில்வர் கரண்டியை நேர்முனையில மாட்டாதீங்க. அதுல குரோமியம் இருக்கு. கரண்ட்ல கரைஞ்சு, புற்றுநோய் உண்டாக்குற ஆறு இணைதிறன் குரோமியமா மாற வாய்ப்பு உண்டு. ராணிப்பேட்டையில் 1990-கள்ல மூடின தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுப்போன கழிவு, லட்சம் டன்னுக்கு மேல. அதுலேருந்து நிலத்தடி நீர்ல கசியுறது இதே குரோமியம்தான்.

செம்புக் கரைசல் சீக்கிரம் கெடாது. வடிகட்டி, கேன்ல பேர் எழுதிப் பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க. வாய்க்கால்ல, குளத்துல ஊத்திடாதீங்க, கொஞ்சம் செம்பே மீனுக்கு விஷம்.