பாட்டி வீட்டுக் கோழி ஏன் செத்தது?



ஒரு கோழி செத்துப்போனது. அன்றாடம் எங்கேயும் நடக்கும் காரியம்தான். ஆனால் அந்த ஒரு கோழியின் சாவினால் எங்கள் தோட்டத்தில் இரண்டு குடும்பங்கள் முகம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டன. சாவின் காரணத்தைத் தேடப் போனதால் ஒரு சாக்கு வேர்க்கடலை மண்ணுக்குள் போயிற்று. அது ஏன் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகின்றோம்.

நாங்கள் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியப் பணி செய்து வருகின்றோம். மழை விடாது பெய்த ஒரு மாதத்தில், ஒரு நாள் காலை, பள்ளிக்கு அருகே லயத்தில் இருக்கும் பாட்டி ஒருவர் அழுதுகொண்டே வந்தார்.

"வாத்தியாரே, எம் பெட்டைக்கோழிக்குப் புல்லு மருந்து வெச்சுக் கொன்னுட்டான் பக்கத்து வீட்டுக்காரன். நீங்கதான் கேக்கணும்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்ப்பவர். அவருடைய கீரைப் பாத்தியைப் பாட்டியின் கோழி கிளறிவிட்டதென்று முன்பே ஒரு சண்டை நடந்திருந்தது. "இன்னொரு தடவை வந்துச்சு, அப்புறம் பாரு" என்று அவரும் வாய்தவறிச் சொல்லியிருந்தார். வேறென்ன சாட்சி வேண்டும்? லயமே அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்துவிட்டது.

எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அப்போது அறிவியல் பாடத்தில் உற்றறிதல், ஊகித்தல் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தோம். புத்தகத்தில் இருப்பதை வாசலில் செய்து பார்க்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. ஆகவே, "பாட்டி, யாரையும் திட்டுவதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்கலாமா?" என்றோம். பிள்ளைகள் பென்சிலும் தாளுமாக உடன் வந்தார்கள். செத்த கோழியின் பக்கம் மட்டும் அவர்களை விடவில்லை.

முதல் கேள்வி: கோழி எப்போதிலிருந்து சரியில்லை?

பாட்டி யோசித்துச் சொன்னார். இரண்டு வாரமாகவே தீனி எடுப்பது குறைந்துவிட்டதாம். முட்டை நின்றுபோயிற்றாம். கொண்டை சிவப்பு மங்கி வெளுத்து, சிறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையிலே தனியாக நின்றதாம். மெலிந்து மெலிந்து, கடைசியில் ஒரு நாள் காலையில் கூண்டுக்குள் விழுந்து கிடந்ததாம்.

நேயர்களே, இந்த ஒரு பதிலிலேயே பாதி வழக்கு முடிந்துவிட்டது. பாம்பு தீண்டினாலும், கடும் நஞ்சை ஒரே தடவையில் தின்றாலும் கோழி இரண்டு வாரம் சோர்ந்து கிடந்து சாவது அரிது. மேலும், அதே கால்வாய் ஓரத்தில் மருந்தடிக்கிறவரின் சொந்தக் கோழிகளும் மேய்கின்றன. அவை நன்றாகவே இருந்தன.

இரண்டாம் கேள்வி: வேறு யார் வீட்டிலாவது கோழி சாகிறதா?

இதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கம்பத்து மக்கள் சம்பார் என்று அஞ்சும் கொள்ளைநோய் ஒன்று இருக்கிறது. நூல்களில் அதற்கு நியூகாசல் நோய் என்று பெயர். 1926ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரத்திலும் அது கண்டறியப்பட்டது. அந்த நோய் வந்த கோழி வாயைத் திறந்து மூச்சுத் திணறும், பச்சையாகக் கழியும், பிழைத்து நிற்கும் சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். ஒரு வீட்டில் நுழைந்தால் சில நாட்களில் லயம் முழுவதும் பரவிவிடும்.

பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வந்தார்கள். ஒரு வீட்டிலும் கோழிக்கு நோயில்லை. ஆனால் ஒரு செய்தி கிடைத்தது. போன வாரம் பாட்டியின் வாத்துக் குஞ்சுகள் ஐந்தில் மூன்று செத்துப்போயிருந்தன. "குஞ்சுன்னா சாகத்தானே செய்யும்" என்று பாட்டி அதைப் பொருட்படுத்தவில்லை.

எங்களுக்கோ அதுதான் பெரிய தடயமாகப் பட்டது. சம்பார் நோய் வாத்துகளைப் பெரும்பாலும் அசைப்பதில்லை. கோழிகளை அடித்துப் போடும், வாத்து தப்பித்துக்கொள்ளும். இங்கே நடந்திருப்பது தலைகீழ். முதலில் வாத்துக் குஞ்சு, பிறகு கோழி, அதுவும் ஒரே வீட்டில்.

அப்போது எங்கள் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், பாட்டி வீட்டுக் கோழியும் வாத்தும் மட்டும் என்ன சாப்பிட்டுச்சு?"

மூன்றாம் கேள்வியை அந்தப் பிள்ளையே கேட்டுவிட்டது.

பாட்டி எங்களை அடுப்படிக்கு அழைத்துப் போனார். மாரியம்மன் கோயில் திருவிழாவில் கச்சான் பூத்தே விற்பது அவர் வழக்கம். அதற்காக ஒரு சாக்கு வேர்க்கடலை வாங்கி, சிமெண்டுத் தரையில் சுவரோரமாக வைத்திருந்தார். கூரை ஒழுகி, சாக்கின் அடிப்பாகம் நனைந்திருந்தது. பாட்டி சிக்கனமானவர். சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பொடி படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தேங்காய்ச் சிரட்டையில் போடுவார். அதை இடித்துச் சோற்றில் பிசைந்து கோழிக்கும் வாத்துக்கும் வைப்பார். நல்லதாகத் தெரிவதைத் திருவிழாவுக்கு ஒதுக்குவார். அதிலிருந்து பேரப்பிள்ளைகளும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு ஓடுவார்கள்.

கோழியை மறந்துவிட்டோம். பிள்ளைகளின் கையைப் பார்த்தோம்.

இதற்கிடையே ஒருவர், "மஞ்சளும் மிளகும் தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தால் எந்த நோயும் ஒட்டாது" என்று செத்த கோழிக்கு வழி சொன்னார். வேண்டாம் என்று தடுத்தோம். காரணம் தெரியாமல் செத்த கோழியை அறுப்பதும் ஆகாது, தின்பதும் ஆகாது. 2004இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டதை நாம் மறக்கக் கூடாது. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, கோழியை இரண்டு பைகளில் கட்டி, பனிக்கட்டி வைத்த பெட்டியில் மாவட்டக் கால்நடை மருத்துவ இலாகாவுக்குக் கொண்டுபோனோம். ஒரு டப்பாவில் கடலையும் எடுத்துக்கொண்டோம்.

அங்கிருந்த அதிகாரி கோழியை அறுத்துப் பார்த்தார். ஈரல் மஞ்சளித்து, தொட்டால் உதிர்வதுபோல் இருந்ததாம். தொற்றுநோயின் அடையாளம் எதுவும் அவர் கண்ணுக்குப் படவில்லை. கடலையை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் முடிவாகச் சொல்ல முடியும். ஆனால் இதை இனி எந்த உயிருக்கும் போடுவதற்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்."

நேயர்களே, கடலையில் படிந்த பச்சைப் பொடி ஒரு பூஞ்சணம். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடம் அதற்குத் தாய்வீடு. அது சுரக்கும் நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர். அந்த நஞ்சு வெளிப்பட்ட கதையும் ஒரு பண்ணையில்தான் தொடங்கியது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. காரணம் புரியாததால் "எக்ஸ் நோய்" என்றே பெயர் வைத்தார்கள். தேடிப்போனபோது எல்லாத் தடயங்களும் பிரேசில் நாட்டிலிருந்து வந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் போய் முடிந்தன. அந்த நஞ்சைச் சோதிக்க விஞ்ஞானிகள் வாத்துக் குஞ்சுகளையே பயன்படுத்தினார்கள். ஏனென்றால், கோழியைவிட வாத்துக் குஞ்சு அதற்கு விரைவில் பலியாகிவிடும். பாட்டி வீட்டில் யார் முதலில் செத்தது என்பதை நினைத்துப் பாருங்கள்!

மனிதர்களுக்கும் இந்த நஞ்சு ஈரலைத்தான் தாக்கும். சிறிது சிறிதாகப் பல்லாண்டு உண்டால் ஈரல் புற்றுநோய்க்கு வழி வகுக்கும். மிகுதியாக உண்டால் உடனே உயிருக்கே ஆபத்து. 1988இல் பேராக் மாநிலத்தில் அரிசி மாவு மீ உண்ட 13 குழந்தைகள் இறந்தார்கள். இந்தப் பூஞ்சண நஞ்சே அதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி: "கெட்டதைப் பொறுக்கிட்டு நல்லா வறுத்துட்டா போவுதா, வாத்தியாரே?"

போகாது. வறுத்தாலும் பொரித்தாலும் பூஞ்சணம் சாகும். நஞ்சு முழுவதும் சாகாது. கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் பக்கத்துக் கடலையிலும் அது இருக்கக்கூடும். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. திருவிழாவுக்கு அவர் போட்ட முதல் அந்தச் சாக்கு. அதைக் கொட்டச் சொல்வது எங்களுக்கும் எளிதாக இல்லை. கடைசியில், "பிள்ளைங்க வாயில போறது. கொட்டிடுங்க" என்றார் அவர்.

குழி வெட்ட மண்வெட்டியோடு வந்தவர் யார் தெரியுமா? பக்கத்து வீட்டு மருந்தடிக்கிறவர்தான். பாட்டி அவரிடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. "தம்பி, உள்ள வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். எங்கள் லயத்தில் அதற்கு அர்த்தம் வேறில்லை.

நேயர்களே, அந்தக் கோழி இன்ன காரணத்தால்தான் செத்தது என்று நாங்கள் சத்தியம் செய்யவில்லை. ஆனால் தடயங்கள் அனைத்தும் அந்தச் சாக்கையே காட்டின. அவற்றைக் கேட்டறிய எங்களுக்குத் தேவைப்பட்டவை மூன்று கேள்விகள். எப்போதிலிருந்து? வேறு யாருக்கு? என்ன தின்றது? உங்கள் வீட்டுக் கோழி சோர்ந்து நின்றால், அக்கம்பக்கத்தாரைச் சந்தேகிக்கும் முன் இவற்றைக் கேளுங்கள். பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் தொடாமல் இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

கடலை, சோளம், அரிசி எதுவானாலும் தேவைக்கு அளவாக வாங்குங்கள். சாக்கைப் பலகையின் மேல், சுவரைத் தொடாமல் வையுங்கள். நன்கு காய்ந்த பிறகே மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள்.

நாம் உண்ணத் தகாததைக் கோழிக்குப் போட்டால் வீணாகாது என்று நினைக்கின்றோம். அந்தக் கோழியின் முட்டை திரும்பவும் நம் பிள்ளையின் தட்டுக்குத்தான் வருகிறது.